ஏற்கெனவே தீர்ப்பானவர்களுக்குப் பொருந்தாது

அன்பு மகள் வெர்னெட்டாவுக்கு, அம்மா எழுதுவது. அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க ஆண்டவர் துணை. எனக்கு முழங்கால்தான் படுத்துகிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி டாரியஸுக்காகத் தலைநகரம் போய்ச் சட்டசபைக் குழுவின் முன்னால் பேசினேன் அல்லவா, குற்றத்துக்கு இத்தனை புள்ளி, பழைய வழக்குக்கு இத்தனை என்று கூட்டி வருஷம் சொல்கிறார்களே, அந்தத் தண்டனைப் பட்டியலைத் திருத்த மாநில அளவில் ஓர் ஆணையம் அமைக்கும் மசோதா அது. எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். குண்டில்லாத துப்பாக்கியைக் காட்டிக் கடையில் கொள்ளையடித்த இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு முப்பத்தொரு வருஷம், அதே குற்றத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் இன்னொருத்தனுக்கு எட்டு, பதினைந்து வயசில் கார் திருடினதையும் சேர்த்து இவன் தலையில் ஏற்றினார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

மசோதா நிறைவேறியது. சர்ச்சில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார், ஆளாளுக்கு என்னைக் கட்டிக்கொண்டார்கள், நானும் பைத்தியக்காரி மாதிரி வீட்டில் டாரியஸ் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டேன். மறுநாள் வக்கீல் மிஸ் ஹோல்கம் கூப்பிட்டு, கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள் என்றார். ஆணையம் எதைத் திருத்தினாலும் ஏற்கெனவே தீர்ப்பானவர்களுக்குப் பொருந்தாதாம், அந்த வரி இல்லாவிட்டால் ஓட்டே விழுந்திருக்காதாம். அன்றைக்கு நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அடுத்த வாரமே தலைநகரத்திலிருந்து ஒரு கடிதம், ஆணையத்தில் கைதிகளின் குடும்பத்துக்கென்று ஒரு இடம் உண்டு, நீங்கள் வந்து உட்கார முடியுமா என்று. என் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு ஊரார் பிள்ளைக்கு எத்தனை வருஷம் நியாயம் என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் சிறைக்குப் போனேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, உள்ளே டிவியில் பார்த்தார்களாம், அந்த வரியைக் கேட்டதும் ஒவ்வொருவராக எழுந்து அறைக்குப் போய்விட்டார்களாம். பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருக்கிற, காசு போட்டால் சாப்பாடு தரும் மெஷினில் நான் வாங்கிய கோழிக்கறியை என் பக்கமே தள்ளி வைத்தான். பிறகு சொன்னான், “போய் உக்காரும்மா. எவனோ ஒருத்தனாவது சீக்கிரம் வீட்டுக்குப் போவான்ல. ஆனா அங்க என் பேரை மட்டும் எடுக்காதே. நீ எடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு மறுபடி ஆசை வந்துரும்.” நான் சரி என்றேன். நேற்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், போட்டதில் பெருமையும் இல்லை, ஆறுதலும் இல்லை.

நீ அவனுக்கு எழுது, உறையில் கைதி எண்ணைப் போட மறக்காதே, போன தடவை திரும்பி வந்துவிட்டது. இன்னும் இருபது வருஷம், எனக்கு இப்போதே எழுபத்தொன்று. அவன் வெளியே வருகிற அன்று வாசலில் நான் நிற்கமாட்டேன் வெர்னெட்டா, நீ நிற்க வேண்டும். ஆண்டவர் உன் வீட்டைக் காக்கட்டும்.

உன் அம்மா,
யூலா மே திக்பென்