மூணு மாடியும் ஏறிட்டேன்

என்னங்க,

எழுந்ததும் என்னைக் காணோம்னு பதறாதீங்க. தனியாப் படியிறங்கி காய் வாங்கப் போறேன்.

"எழுபத்திரண்டு வயசுல இடுப்பு ஆபரேஷன் ஆனவ வீட்டோட கிட"ன்னு நேத்து சொன்னீங்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை. இருந்தாலும் காபி பிளாஸ்க்ல இருக்கு. சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க. உடற்பயிற்சி சொல்லித்தர்ற பொண்ணு வந்தா, அந்த வாக்கரை அவகிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்கு இனி அது வேண்டாம்.

பி.கு: பையை மறந்துட்டு கீழே தெரு வரைக்கும் போயிட்டேன். மூணு மாடியும் திரும்ப ஏறி வந்துதான் இதை எழுதுறேன்! மூச்சு வாங்குது, ஆனா வலி துளிகூட இல்லை. நீங்க இன்னும் குறட்டைதான் விடுறீங்க.

நாளைக்கு நீங்களும் கூட வாங்க. உங்களுக்காகக் கொஞ்சம் மெதுவாவே நடக்கிறேன்.