கைத்துப்பாக்கி வாங்கப் போன வியாழக்கிழமை

விஸ்கான்சின்
மார்ச் 9

அன்புள்ள மகன் ஆண்டர்ஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் ட்ரீனாவும் அந்தக் கோடியாக் தீவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதே தினமும் என் வேண்டுதல். இங்கே நான் நலம். இந்த வரியை நீ எப்போதும் படிக்காமலே தாண்டிப் போய்விடுவாய், எனக்குத் தெரியும், இந்த முறை கொஞ்சம் நின்று படி, ஏனென்றால் கிறிஸ்துமஸ் கடிதத்தில் நான் எழுதிய நலம் பொய், இன்றைக்கு எழுதுவது நிஜம். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன், நீ பனி எவ்வளவு என்று கேட்பாய், நான் முழங்கால் அளவு என்பேன், பால் விலை என்ன என்பாய், நமக்குத்தான் மாடே இல்லையே என்று இரண்டு பேரும் சிரிப்போம், அதோடு பத்து நிமிடம் போய்விடும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பயப்படாதே, நல்லபடியாக முடிந்த விஷயம்தான், ஆனால் முழுசாகச் சொல்லப்போகிறேன், ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பனி உருக ஆரம்பித்துப் பாதையெல்லாம் சேறு, போன வாரம் தபால் வண்டி நம் வாசலிலேயே புதைந்து, பக்கத்துப் பண்ணை லிண்ட்விக் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு பிடிக்க வாளி மாட்டியாகிவிட்டது, பாகு காய்ச்சும் வாசனை சமையலறை வரைக்கும் வருகிறது, உனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சர்ச்சில் தவக்காலத்துப் புதன்கிழமை சூப் விருந்து நடக்கிறது, இந்த வருடமும் ஐரீன் பட்டாணி சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள், இந்த வருடமும் எல்லோரும் மோசமில்லை என்று சொல்லி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தோம். நம் ஜனங்களைப் பற்றி உனக்கே தெரியும், சூப்புக்கும் மோசமில்லை, இடுப்பு எலும்பு உடைந்தாலும் மோசமில்லை, யாரும் அதற்கு மேல் கேட்கவும் மாட்டார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே.

அக்டோபரில் நீ போன் பண்ணியது நினைவிருக்கும். லிண்ட்விக் கொட்டகையில் ரம்பமும் பேட்டரியும் திருட்டுப் போனது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், நீ அன்றிலிருந்து அம்மா தனியாக இருக்கிறாள், அம்மா தனியாக இருக்கிறாள் என்று தூக்கம் இல்லாமல் கிடந்தாய். அப்பாவின் மான் துப்பாக்கிகளை நீயே அலாஸ்காவுக்கு எடுத்துப் போய்விட்டாய், எனவே எனக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று முடிவு கட்டினாய். அறுபத்தாறு வயதில் முதல் துப்பாக்கியா என்று நான் சிரித்தேன். வாங்குவதானால் நம் ஊர் டுவேன் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நீ விடவில்லை, தூண்டிலுக்குப் புழுவும் மீன்குஞ்சும் விற்கிற கடையில் நாலே நாலு துப்பாக்கிதான் தொங்கும், அவன் சொல்வதுதான் விலை, ஆன்லைனில் பார்த்தால் நானூறு வகை இருக்கிறது, வாங்கினவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து எடுக்கலாம், எவனிடமும் வாய் கொடுக்க வேண்டியதில்லை என்றாய். கைக்கு அடக்கமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து அதன் இணைப்பையும் அனுப்பி வைத்தாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குத் திருடன் பயம் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஜனவரியில் போனேன். ஆண்டர்ஸ், இதை எப்படி எழுதுவது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், நேராகவே எழுதுகிறேன். நீ வாங்கச் சொன்ன காரணம் வேறு, நான் வாங்கின காரணம் வேறு. அப்பா போன வருடம் பிப்ரவரியில் போனார், ஏப்ரலில் எழுபத்திரண்டு மாடும் லாரி ஏறிப் போயின. அதற்குப் பிறகும் விடியற்காலை நாலரைக்கு எனக்கு முழிப்பு வந்துவிடும், பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்து வாசல் வரை போய்த்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைவுக்கு வரும். அப்பா இறந்தபோது பதினைந்து நாள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வந்தது, பதினாறாம் நாள் நின்றது, யார் மேலும் தப்பில்லை, உலக வழக்கம். குளிர் இறங்கியபோது எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, குளிக்கவும் தோன்றவில்லை, நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற ஒரே நினைப்பு காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. சர்ச்சில் எப்படி இருக்கிறாய் என்றார்கள், மோசமில்லை என்றேன். பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து வைத்தேன், அப்பாவின் சட்டைகளை மடித்துக் கட்டினேன், நம் நாய் பார்லியை லிண்ட்விக் வீட்டில் கொண்டுபோய் விட்டேன், மூட்டு வலிக்கிறது, நாயை நடத்திப் போக முடியவில்லை என்று சொல்லி. அன்றைக்கே நீ அனுப்பின இணைப்பைத் தேடி எடுத்தேன். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரிகிறது. இரு, இன்னும் இருக்கிறது.

ஆன்லைன் கடை எவ்வளவு மரியாதையான கடை தெரியுமா. பிறந்த தேதி கேட்டது, அட்டை எண் கேட்டது, பரிசுக் காகிதம் சுற்றித் தரவா என்று கூடக் கேட்டது, இதை வாங்கினவர்கள் இன்னும் என்னென்ன வாங்கினார்கள் என்று வரிசையாகக் காட்டியது, கடைசியில் நன்றி மார்லிஸ் என்று சொல்லித் திரையெங்கும் காகிதப் பூவெல்லாம் தூவியது. அதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில் நின்றது. நீயும் நானும் அதை யோசிக்கவே இல்லை, அங்கே ஆர்டர் போட்டாலும் சாமான் நம் வீட்டுத் தபால் பெட்டிக்கு வராதாம், உரிமம் உள்ள உள்ளூர்க் கடை ஒன்றுக்குத்தான் வருமாம், அங்கே போய்க் காகிதம் நிரப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். முப்பது மைலுக்குள் யார் என்று தேடினால் ஒரே பெயர், டுவேன். எவனிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சுற்றிப் போனோமோ அவன் கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. என்ன செய்வது, போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். டுவேனுக்கு ஐம்பத்திரண்டு வயது, தலை வழுக்கை, ஆனாலும் எனக்கு அவன் ஞாயிறு பள்ளியில் முன் வரிசையில் உட்கார்ந்து மூக்கை நோண்டின டுவேன்தான், அவனுக்கும் நான் இன்றைக்கும் மிஸஸ் டோலஃப்சன்தான். கடையில் வேறு ஆள் இல்லை, மீன்குஞ்சுத் தொட்டி மட்டும் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்றான், காவலுக்கு என்றேன், படிவம் கொடுத்தான், பக்கம் பக்கமாகக் கேள்வி, சிறைக்குப் போயிருக்கிறாயா, நாட்டை விட்டு ஓடி வந்தவளா என்று, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று போட்டேன், அரசாங்க மேலிடத்தில் கேட்டான், தடை இல்லை என்று பதில் வந்தது. பெட்டியைத் திறந்து கையில் பிடித்துப் பாருங்கள் என்றான், வேண்டாம் என்றேன். பூட்டு, உறை, துடைக்கிற துணி ஏதாவது வேண்டுமா என்றான், எதுவும் வேண்டாம் என்றேன். புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன், அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் எழுதட்டுமா என்றான். அடுத்த சனிக்கிழமை என்றதும் நான் கைப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவன் ஜன்னல் வழியாக என் வண்டியை எட்டிப் பார்த்தான். பார்லி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை நக்காமல் அந்த வண்டி ஊருக்குள் வந்ததே கிடையாது என்பது இங்கே யாருக்குத் தெரியாது. நேற்று லிண்ட்விக் வீட்டு முற்றத்தில் பார்லியைப் பார்த்தேனே என்றான், மூட்டு வலி என்றேன். அவன் பெட்டியை மெதுவாக மூடினான்.

“காவலுக்குன்னு சொல்றீங்க. ஊரையே குரைச்சு எழுப்புற நாயை எதுக்குக் குடுத்துட்டீங்க?”

எனக்கு வந்ததே கோபம். உன் வேலை கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது, என் வீட்டு நாயைப் பற்றி உனக்கு என்ன, மேலிடமே சரி என்றுவிட்டது, நீ யார் தடுக்க, உன் கடையைப் பற்றி இன்டர்நெட்டில் நாலு வார்த்தை எழுதிவிடுவேன் என்று கத்தினேன். நான் கத்தி நீ கேட்டதில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். அவன் சிரிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது மிஸஸ் டோலஃப்சன், யாருக்குக் குடுத்தே ஆகணும்னு சொல்லலை” என்றான். எழுந்து போய்க் கதவில் தொங்கின அட்டையைத் திருப்பிக் கடை மூடியிருக்கிறது என்று வைத்தான். தொட்டி பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, தானும் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து, பனி பற்றிக் கேட்பது போல அத்தனை சாதாரணமாக, “நேராவே கேக்கறேன். உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?” என்றான்.

அப்பா போய்ப் பதினோரு மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். ஆமா டுவேன் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு நாளாக அதைச் சொல்லக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. அழுதேன், அப்பாவின் சவப்பெட்டி முன்னால் கூட அப்படி அழுததில்லை, மீன்குஞ்சுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் அழாதே என்று சொல்லவில்லை, உபதேசமும் பண்ணவில்லை, எண்ணெய்க் கறை இல்லாத ஒரு துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான். மூன்று வருடம் முன்பு தெரிந்த ஒருவர் இதே கவுன்ட்டரில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு போனாராம், இவன் மழை நல்லபடியாகப் பெய்தால் சரி என்று சொல்லி அனுப்பினானாம், அந்த வாரமே அவர் சவப்பெட்டியைத் தூக்கினானாம். அவர் பூட்டும் வேண்டாம், துணியும் வேண்டாம் என்றுதான் சொன்னார், எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை என்றான். அதற்குப் பிறகு ஒரு நாள் வகுப்புக்குப் போய், எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டு வந்தானாம். நெருக்கடியில் இருப்பவர்கள் பேசுவதற்கென்று இருக்கிற எண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டு என் கையில் கொடுத்தான், நான் பேசி முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்தான், பிறகு தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் மனைவி என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள், ஒரு வாரம் போகவில்லை, நன்றாகக் குறட்டை விடுகிறாள், அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மாவிடம் போய்ப் பேசுகிறேன், சின்னப் பெண், ஆனால் மோசமில்லை என்று சொன்னால் விடுவதில்லை, மோசமில்லை என்றால் என்ன, சொல்லுங்கள் என்று பிடித்துக்கொள்வாள். தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, நேற்று உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு ஐந்து தின்றேன். பார்லி திரும்பி வந்துவிட்டது, லிண்ட்விக் வீட்டில் நன்றாகத் தின்று பெருத்து வந்திருக்கிறது. எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை, ஆனால் கெட்ட நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு காகிதம் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அந்தப் பெட்டியை டுவேன் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டான். கோபமெல்லாம் இறங்கின பிறகு கடைக்குப் போய் நன்றி சொன்னேன், அவன் காது சிவந்து, புழு வாங்கிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டான்.

இனி உனக்கு. நீதான் இணைப்பு அனுப்பினாய் என்று மனதைப் போட்டு அரிக்காதே. அது உன் கவலையில் செய்தது, உன் பாசத்தில் செய்தது, நான் மறைத்ததை நீ எப்படிப் பார்த்திருக்க முடியும். அந்த ஆர்டர் டுவேன் கடை வழியாக வந்ததால்தான் அவன் என்னைப் பார்த்தான் என்று நான் தினமும் எண்ணி நன்றி சொல்லிக்கொள்கிறேன், அந்த நன்றியில் உன் பெயரும் இருக்கிறது. விலையும் வகையும் நீ சொன்னது சரி. என் நாயைத் தெரிந்த கடை எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ட்ரீனாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறைக்க வேண்டாம், மறைத்து நான் பட்டது போதும்.

மே மாதம் வருகிறேன் என்றாயே, வா, கம்பளிக் காலுறை நாலு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் கடலிலும் கரையிலும் காக்கட்டும், உன் கைக்கும் வலைக்கும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பனி எவ்வளவு, பால் விலை என்ன என்று ஆரம்பிக்காமல், டுவேன் கேட்டானே, அதைக் கேள். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதே, கேட்காததுதான் என்னைத் தின்றது. அநேகமாக இல்லை என்றுதான் சொல்வேன். என்றைக்காவது ஆமாம் என்று சொன்னால், போனை மட்டும் வைத்துவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
மார்லிஸ்