வேப்பெண்ணெய் பூசிய தலை

இன்று காலை பயற்றங்காய்ப் பந்தலுக்கு அடிக்க வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தேன். மகள் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, நாறுதப்பா" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் ஓடிப்போனாள். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். நான் கலக்கிய தடியை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் இருந்து அழுதேன். இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? அக்காவிடம் சொன்னால், தம்பிக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

மகளுக்குப் பால் குடிக்கிற காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. ஒரு கை உம்முடைய மார்பில் இருக்கும். மற்றக் கை உம்முடைய முடியில் ஒரு சுருளை எடுத்து விரலில் சுற்றும், இழுக்கும், விடும், திரும்பச் சுற்றும். பால் மறந்த பிறகும் முடியை அவள் மறக்கவில்லை. மத்தியானம் கண் சொருகினால் உம்முடைய கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் படுப்பாள். நீர் கறியை இறக்குவதற்கு முன்பே அவளுக்கு நித்திரை வந்துவிட்டால் அகப்பையை என் கையில் தந்துவிட்டுப் போய்விடுவீர். அப்படி நான் அடிப்பிடிக்க விட்ட கறிகளை நாங்கள் மூவரும் ஒரு சொல் பேசாமல் தின்றிருக்கிறோம். "இவள் என்ரை தலையைத்தான் கலியாணம் கட்டியிருக்கிறாள்" என்று சொல்லிச் சிரிப்பீர். எனக்கு உண்மையிலேயே பொறாமைதான். ஒருநாள் ஒட்ட வெட்டிய என் தலையை அவளுக்கு நீட்டிப் பார்த்தேன். ஒருமுறை தடவிவிட்டுத் தள்ளிவிட்டாள். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்.

பிறகு உமக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் என்றார்கள். இரத்தம் சுத்திகரிக்க நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் வந்தோம். சில தடவை உம்மை ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துக்கொண்டார்கள். நான் பிள்ளையோடு தனியே திரும்பி வருவேன். தலையணை, துவாய், உம்முடைய சட்டை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு முடிதான் வேண்டும். அழுது களைத்து, என் தோளிலேயே விக்கி விக்கித் தூங்கிப்போவாள். இதைக் கேட்ட அன்று நீர் கட்டிலில் எழுந்து இருந்து என்னிடம் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது.

"இஞ்சாருங்கோ, எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. நான் இல்லாத இடத்திலை இவள் என்னைத் தேடி அழக்கூடாது. அதை மட்டும் செய்து தாங்கோ."

செய்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வது?

பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாலுக்கு அது உடனே பலித்திருந்தது. முடிக்கும் பலிக்கும் என்று நீர் தீர்மானித்துவிட்டீர். உச்சி முதல் நுனி வரை பூசிக்கொண்டு, அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினீர். பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து போய் வேறு இடத்தில் இருந்தாள். "நல்லது, நமக்கு ரெண்டு இருக்கை" என்றீர்.

முதல் நாள் மகள் முகத்தைச் சுளித்தாள். விரலை மணந்துவிட்டு அழுதாள். நீர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர். ஆனால் நித்திரை அவளுக்கு நாற்றத்தை விடப் பெரியது. அழுதுகொண்டே சுற்றினாள். பிறகு அழாமல் சுற்றினாள். கொஞ்ச நாளில், சுற்றிய விரலை மூக்கில் வைத்து மணந்தால்தான் கண் மூடுகிறது என்று ஆகிவிட்டது. நாங்கள் விட்டபாடில்லை. இன்றைக்கு மறப்பாள், நாளைக்கு மறப்பாள் என்று நீர் பூசிக்கொண்டே இருந்தீர். கடைசி மாதங்களில் நீர் படுத்த பாயும் தலையணையும் நீர் பேசுகிற மூச்சும் வேப்பெண்ணெயாகத்தான் இருந்தன.

உம்மைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெண்கள் குளிப்பாட்டினார்கள். எல்லோருமாகத் தலையில் அரப்பும் நல்லெண்ணெயும் வைத்து, முடியை வாரி, பூவும் வைத்திருந்தார்கள். பிள்ளையை யாரோ தூக்கி வந்து உம் தலைமாட்டில் இருத்தினார்கள். அவள் வழக்கம்போல ஒரு சுருளை எடுத்தாள். விரலில் சுற்றினாள். மணந்து பார்த்தாள். முடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இது அம்மா இல்லை" என்றாள். வீட்டில் அழுதுகொண்டிருந்த எல்லோரும் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து அவளுடைய கை அவளுடைய தலைக்கே போய்விட்டது. வலது காதுக்கு மேலே சுற்றுவாள், இழுப்பாள். பிஞ்சு முடிதானே, கையோடு வந்துவிடும். சில கிழமைகளில் அந்த இடம் வெறும் தோலாகத் தெரிந்தது. எங்களோடு இருக்க முள்ளியவளையிலிருந்து அக்கா வந்திருந்தார். உம்முடைய முடிக்கதை அவருக்குத் தெரியாது. வழக்கமானதைத்தான் அவரும் செய்தார். நான் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் பிள்ளையின் தலையில் வேப்பெண்ணெயைப் பூசிவிட்டார்.

நான் வந்தபோது மகள் வாசலில் நின்றாள். இரண்டு கையும் தலையில் இருந்தன. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நீர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்பா, அம்மா வந்திட்டா" என்றாள். விரலை எனக்கும் மணக்கத் தந்தாள். பிறகு உள்ளே ஓடினாள். கட்டிலில் பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். குசினிக்குப் போனாள், கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். விஷயம் விளங்கியதும் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு முடியை இழுப்பது இன்னும் கூடியது. பிடுங்கிய ஒவ்வொரு முடியையும் மணந்தாள், வாயிலும் வைத்தாள். வீடு வீடாக வருகிற குடும்பநல மாது, நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிறவர், அதைக் கண்டு பயந்துவிட்டார். முடி வயிற்றுக்குள் சேர்ந்தால் பிறகு ஒப்பரேஷன் வரைக்கும் போகும் என்றார். அடிக்காதீர்கள், ஏசாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், கசப்பு எதுவும் பூசாதீர்கள், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள் என்று சொன்னார். முதலில் தலையைக் கழுவச் சொன்னார்.

கழுவுவது நான்தான். கிணற்றடியில் மடியில் இருத்திச் சவர்க்காரம் போட்டேன். அவள் கத்திய கத்தல் வேலிக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எதைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தண்ணீர் ஊற்றினேன். உம்மைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்றுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

பிறகு நித்திரை வருகிற நேரங்களில் அவளுக்குப் பக்கத்தில் படுக்கத் தொடங்கினேன். கை தலைக்குப் போகப் பார்க்கும்போதே அதில் ஏதாவது வைப்பேன். உம்முடைய சேலைக் குஞ்சத்தை வைத்தேன், வீசிவிட்டாள். நான் உடுத்தியிருந்த சாறத்தின் நுனியை வைத்தேன், அதுவும் சரிவரவில்லை. ஒரு மத்தியானம் தானாகவே என் காதைப் பிடித்தாள். சோணையை விரலால் உருட்டி உருட்டித் தூங்கிப்போனாள். அதன் பிறகு என் காதுதான். நான் எங்கே நின்றாலும் வந்து படுக்க வேண்டும். மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுகிற நேரத்திலும் ஓடி வந்தேன். காது சிவந்து எரியும். சந்தையில் கேட்டவர்களுக்கு நுளம்பு கடித்தது என்று சொன்னேன். அந்த மாதங்களில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த எரிவுதான்.

வழுக்கை விழுந்த இடத்தில் முதலில் பூனைமயிர் போல வந்தது, பிறகு கறுத்தது. இப்போது சீப்புக்கு அகப்படுகிறது. மிஸி தடவிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் காதும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒரு மத்தியானம் கன்னத்துக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அக்கா அம்மனுக்கு நேர்ந்திருந்த பொங்கலைப் பொங்கினார். நானும் தின்றேன்.

நீர் கேட்டது நடந்துவிட்டது. அவள் இப்போது உம்மைத் தேடி அழுவதில்லை. படத்தைக் காட்டினால் அம்மா என்கிறாள், பெரிய கோவிலைக் காட்டினால் கோவில் என்பது போல. இவ்வளவு முழுதாக மறப்பாள் என்று நீர் நினைத்தீரா? நான் நினைக்கவில்லை. உமக்குக் கொடுத்த சொல்லை நிறைவேற்றியதற்காக ஒரு மனிதன் இப்படி நொந்துபோக முடியும் என்றும் எனக்குத் தெரியாது.

மத்தியானத்தில் இன்னும் அவளுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கிறேன். காது அவள் கைக்கு எட்டுகிற மாதிரித்தான் படுக்கிறேன். அவள் தொடுவதில்லை.