ருக்மணி குப்புறப் படுத்துக் கேட்ட கதை

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. சொட்டு மருந்து: 8, 12, 4, 8.

ருக்மணிக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். இடது கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது மேலே எழும்பி, கண்ணின் பின்பக்கம் பிய்ந்த விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்க வேண்டும். அதற்காகப் பத்து நாள் குப்புறவே படுக்கை. வலது கண் முன்பே மங்கல். இதுவும் ஒட்டாமல் போனால்... வேண்டாம், எழுதவில்லை.

நேற்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கழுத்து ஒடிஞ்சு போச்சுங்க."

எங்கள் இருவருக்கும் பிடித்த எழுத்தாளரின் புதுத் துப்பறியும் நாவல் வாங்கி வந்து, உரக்கப் படித்தேன். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

ஜூலை 5, சனி

தக்காளி, தயிர், பஞ்சு. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

அவள் தூங்கும்போது கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டேன். தப்புதான். கொலை செய்தது இறந்தவனின் இரட்டைத் தம்பியாம். அதற்கு முன்பு அப்படி ஒருவன் புத்தகத்திலேயே இல்லை. இந்த எழுத்தாளரின் பழைய நாவல் ஒன்றை, காத்திருக்கப் பொறுக்காமல் இரண்டாகக் கிழித்து, ஆளுக்குப் பாதி படித்தவர்கள் நாங்கள். இவரா இப்படி?

இன்னும் ஐந்து நாள். இந்த முடிவைக் கேட்டால் எழுந்துவிடுவாளோ?

ஜூலை 6, ஞாயிறு

கொஞ்சம் வெயில். நாவலில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, அங்கே கொலை. மரம் ஏறுபவன் தோப்புக்கு வரும் இடத்தைப் படிக்கும்போதே தலையணையிலிருந்து குரல்.

"ஏனுங்க, நிறுத்துங்க. மரம் ஏறுறவன் எதுக்கு மறுபடி வந்தான்?"

"காய் வெட்ட."

"மொத அத்தியாயத்துலதான வெட்டுனாங்க. பத்து நாள்கூட ஆகல. நாப்பத்தஞ்சு நாள் ஆகாம எந்தத் தோப்புல வெட்டுவாங்க? மரத்து மேல இருந்து எதையோ பாக்க வந்திருக்கான். அவரு சும்மா எழுதமாட்டாருங்க."

அவர் சும்மாதான் எழுதியிருந்தார். தோப்பு தெரியாமல் வந்த பிழை. அச்சுப் பிழையுள்ள ஒரு கணக்கை, பிழை என்றே நினைக்காமல் போட்டு, புத்தகத்தில் இல்லாத அழகான விடையோடு ஒரு மாணவி வந்து நின்றால்? முப்பத்தோரு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினேன். அப்படி ஒருத்தி வந்ததில்லை.

அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் மருந்து பத்து நிமிடம் தாமதம்.

ஜூலை 8, செவ்வாய்

கடைசி அத்தியாயம். தம்பியை விட்டுவிட்டு, நானாக ஒரு முடிவைப் படிப்பதுபோலச் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிடம் தாண்டவில்லை.

"பக்கம் திருப்புற சத்தமே கேக்கலீங்களே."

அசல் முடிவையே படித்தேன்.

"ரெட்டைத் தம்பியா? இத்தன நாளா எங்க இருந்தானாம், பரண் மேலயா?"

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தலையைத் தூக்காதே என்று கெஞ்சினேன். சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் வருத்தம். "பாவம், எழுதுனவருக்கும் ஒடம்பு முடியலயோ என்னமோ" என்றாள்.

இன்னும் இரண்டு நாள், படிக்க ஒன்றுமில்லை. மாலையில் கழுத்துவலி தாங்காமல் எழப் போனாள். பதற்றத்தில் கேட்டுவிட்டேன்: "சரி, மரத்து மேலிருந்து அவன் என்ன பார்த்தான்?"

யோசித்தாள். மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

இப்போது கதை சொல்வது அவள். கேட்பது நான்.

"கொன்னது மரம் ஏறுனவன் இல்லீங்க. மர உச்சியில இருந்து பாத்தாத் தோப்புக் கெணத்துக்குள்ள தெரியும். கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது."

நாவலில் கிணற்றடியில் நின்ற பெண்ணுக்கு ஓரிடத்தில் நீலச் சேலை, மூன்று பக்கம் தள்ளிப் பச்சை. எழுத்தாளரின் மறதி என்று நான் கடந்துவிட்டது. "அப்ப ரெண்டு பொம்பளைங்க" என்றாள் சாதாரணமாக. பிழை ஒவ்வொன்றும் தடயமாகிக்கொண்டே வருகிறது.

சாதம் குழைந்துவிட்டது. கஞ்சி போலக் குடித்தோம்.

ஒரு வாரமாக நான் பார்ப்பது அவள் பின்னந்தலையை மட்டும். அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

7.30க்கு ஆட்டோ. வழியெல்லாம் குனிந்தே வந்தாள். டாக்டர் நெடுநேரம் கண்ணைப் பார்த்தார்.

"நல்லா ஒட்டிருச்சுங்கம்மா. இத்தனை ஒழுங்கா யாரும் படுக்கமாட்டாங்க. எப்படிங்க முடிஞ்சுது?"

"தோப்புல ஒரு கொலைங்க. அதைக் கண்டுபுடிச்சுட்டு இருந்தனுங்க."

விவரம் கேட்டார். இரண்டு நிமிடத்தில் கிணறு வரை சொன்னாள். வெளியே வரிசை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "யாருங்கம்மா செஞ்சது?" என்றார்.

"பொறுங்க சார். இவருக்கே இன்னும் சொல்லலீங்க."