எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தவனுக்கு

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா நடுவில் அழுவாள். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எங்கள் மையத்தின் இணையதளத்துக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், இவ்வளவுதான் ஆண்டறிக்கைக்குத் தேவை என்றேன். வருகிறவர்கள் கணவனிடம் அடி வாங்குகிற பெண்கள் என்பதையும் சொன்னேன். எண்ணிக்கை மட்டும் காட்டுகிற கருவி ஒன்றை நானே தேடி வைத்திருந்தேன். அது கட்டைவண்டி என்று சிரித்தாய். நீ தேர்ந்தெடுத்ததில் ஒரு வரி நிரலை எங்கள் தளத்தில் ஒட்டினால் போதுமாம். நான் போட்ட டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டாய். அது கேட்ட கட்டத்திலெல்லாம் டிக் அடித்தாய். ஒன்றையாவது படித்தாயா?

வருகிறவர்களின் விவரத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கட்டம் கேட்டிருக்கிறது. கொடுக்கலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் மாடியேறி வந்தாள். தையல் வேலை செய்கிறவள். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில்தான் எங்கள் பக்கத்தைப் படித்து, உதவி கேட்டும் எழுதியிருக்கிறாள். மறுநாள் கணவன் மேட்ச் ஸ்கோர் பார்க்கத் திறந்தால் ஓரத்தில் விவாகரத்து வக்கீல் விளம்பரம். வேறு பக்கம் போனால் அங்கேயும் அதுவே. மூன்று நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறான். நாலாம் நாள் அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்துக் கேட்டிருக்கிறான்.

"பார்த்ததையெல்லாம் அழிச்சிட்டுத்தாங்க எழுந்தேன். அப்புறம் எப்படி அவருக்குத் தெரிஞ்சுது?" என்றாள்.

எங்கள் வக்கீலம்மாதான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நீ ஒட்டிய வரி எங்கெங்கே போய்ப் பேசுகிறது என்று கண்டுபிடித்தார். அன்றைக்கே அதைப் பிடுங்கிப் போட்டோம். உனக்குச் செய்தி அனுப்பினேன். எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், பேர் எதுவும் பதிவாகாது என்று பதில் போட்டாய். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பங்கையும் மறைக்கவில்லை. பக்கத்துக்கு வருகிறவர்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் கருவி படம்போலப் பதிந்து வைக்கும் என்று, முதல் நாளே நீ எனக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாய். உதவி கேட்கிற பெட்டியில் யாரோ 'அவர் என்னை' என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து, அழித்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்துக்கு ஆள் வருகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிறுத்துடா என்று சொல்ல வாய் வரவில்லை. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உனக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். எங்கள் தங்குமிடத்துக்குக் கூப்பிட்டோம், நம்பி வர மறுத்துவிட்டாள். தான் எழுதியதெல்லாம் இனி எங்கேயும் இருக்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதப் பதிவும் அப்படியே கிடக்கிறது. கணக்கு உன் பெயரில், கடவுச்சொல் உன்னிடம். இன்றைக்கே அழி. அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அதற்குக் கீழே விளக்கம் எதுவும் வேண்டாம்.

உன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், அம்மா சொன்னாள். அவளுக்கு என் முத்தம். நாளைக்கு அவள் எதைத் தேடிப் படித்தாலும், முதுகுக்குப் பின்னால் எவனும் நின்று பார்க்காமல் இருக்கட்டும்.

அக்கா