ஒன்பதாம் பக்கத்துக் காரணம்

அக். 6, திங்கள்
காலையில் தூறல். மூட்டு வலி, வழக்கம்போல். வெளிநாட்டுக் குழுவிடமிருந்து ஆய்வுக் கட்டுரையின் இறுதி வரைவு: கிராமத்துச் செவிலிய மாணவிகள் பயிற்சிக்கு ஏன் ஒழுங்காக வருவதில்லை. ஆசிரியர்கள் ஏழு பேர். இரண்டாவது பெயர் என்னுடையது. ஓய்வு பெற்ற செவிலியர் கல்லூரி முதல்வர் என்ற அலங்காரத்துக்கு. நேர்காணல் அத்தனையும் எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்த விரிவுரையாளர் செல்வி, நன்றியுரையில் மட்டும். தலைப்பில் ‘சமத்துவம்’ உண்டு. வெள்ளிக்குள் என் ஒப்புதல் வேண்டுமாம்.

அக். 7, செவ்வாய்
கல்லூரி முடிந்து செல்வி வந்தாள். எங்கள் ஊர்ப் பெண். என் பழைய மாணவி. பதவி உயர்வுக்குக் கட்டுரையில் பெயர் வேண்டும். இந்த மாதம் விண்ணப்பம். அழவில்லை. நல்லது, அழுகிறவர்களிடம் எனக்குப் பேசத் தெரியாது.

“எழுதினவங்க பேர்தான் போடுவாங்களாம் மேடம்.”

“வரைவை உனக்கு அனுப்பினாங்களா?”

“அனுப்பினாத்தானே எழுதறதுக்கு.”

ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். புரட்டாசியில் வருகை சரிவு. காரணம், தொழிலில் ஆர்வக்குறைவு. சிரித்தாள்.

“சம்பா நடவு மேடம். பிள்ளைங்க அம்மாவோட சேர்ந்து வயல்ல நின்னாங்க. பேட்டியிலயே சொல்லியிருக்காங்க. படிக்கறப்ப நானும் அப்படித்தான் லீவு போட்டேன். அம்மாவைக் கூட்டிட்டு வான்னீங்க.”

“வந்தாங்களா?”

“எப்படி வருவாங்க? உங்க வயல்லதான் நட்டுக்கிட்டிருந்தாங்க.”

காபி கொடுத்தேன்.

அக். 8, புதன்
மின்சாரம் இரு முறை போயிற்று. கொத்தவரங்காய் முற்றல், திருப்பிக் கொடுத்தாயிற்று. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். ‘ஆர்வக்குறைவு’ வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அவர்கள் காரணம் கேட்டபோது நானே மூன்று பத்தி எழுதி அனுப்பியது. நேர்காணல்களைத் திறந்தும் பாராமல். ‘என் நீண்ட அனுபவத்தில்’ என்று தொடக்கம் வேறு.

அக். 9, வியாழன்
நல்ல வெயில். தம்பி போனில்: “இந்த வயசுல எதுக்குக்கா வம்பு? பேர் வருதுல்ல, சரின்னு போட்டுடு.” வைத்துவிட்டேன்.

மின்னஞ்சல் அனுப்பினேன். காரணம் தவறு, தவறு என்னுடையது. வரைவு செல்விக்குப் போக வேண்டும். அவள் திருத்தி, ஆசிரியராக வர வேண்டும். அதுவரை என் ஒப்புதல் இல்லை.

அக். 10, வெள்ளி
பதில் வந்தது, மிகுந்த மரியாதையுடன். அந்த இதழில் ஏழு பேருக்கு மேல் இடமில்லையாம், யாரை நீக்குவது? என்னை என்று எழுதினேன். மறுப்பார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

அக். 13, திங்கள்
செல்வி திருத்திய வரைவு. நான் எழுதிய மூன்று பத்திகளை அடித்திருக்கிறாள். அதில் ஒன்று நன்றாகவே இருந்தது.