நீலி காய்ச்சிய வீடு

பியேன்,
அக்டோபர் 8, 1961

அன்புள்ள ஒடீல்,

நீ பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அளவு கச்சிதம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மேலதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றார். "என்ன பெரெனூ, சோம்பு வாசன தூக்குதே. உங்க கூவே ஊர்ல எல்லாரும் இதுலதான் துணி துவைக்கிறாங்களா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சலவை அறையில் அப்சிந்த் செடிச் சாராயம் காய்ச்சாதே என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நீங்கள் எல்லாரும் அதற்கு நீலி என்று செல்லப் பெயர் வைத்துவிட்டால் மட்டும் சட்டம் அதை மன்னித்துவிடாது. நம் அப்பாக்கள் காலத்தில் தடை செய்தது இன்றைக்கும் தடைதான்.

இப்போது காரியமாக ஒன்று சொல்கிறேன். கூவேக்குப் பக்கத்தில் திராவேர் ஸ்டேஷன் மாஸ்டர் வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் வாடகை அறையும் ஆறிப்போன சூப்பும் ஒழியும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். ஆனால் அரசாங்க ரயில்வே, ஆளின் வீட்டைப் பற்றியும் விசாரிக்கும். அதனால் வசந்தம் வரைக்குமாவது அந்தச் செம்புப் பானையை மூடி வை. உன்னைத் துறவியாகச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் சும்மா இரு என்கிறேன்.

உன்,
நூமா


கூவே,
அக்டோபர் 15, 1961

அன்புள்ள நூமா,

சட்டை அளவு சரியாக இருந்ததில் சந்தோஷம். நல்ல செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு மீதிப் பக்கம் முழுவதும் திட்டுவது உனக்கு வழக்கம்தானே.

நீ பியேனில் உட்கார்ந்துகொண்டு மூடி வை என்கிறாய். இங்கே நவம்பர் குளிர் தொடங்குவதற்குள் ஊர் முழுக்கப் புட்டி கேட்கிறது. பாஸ்டர் வீட்டம்மா வயிற்றுவலிக்கு என்று கேட்கிறாள். போன வாரம் கான்ஸ்டபிள் வோஷே சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஏதாச்சும் காய்ச்சுறீங்களா, மேடம்?" என்றார். "ஜாம் காய்ச்சுறேன்" என்றேன். "அப்போ புது வருஷத்துக்கு எனக்கு ரெண்டு புட்டி ஜாம் எடுத்து வையுங்க. போன தடவ ஜாம் கொஞ்சம் காரமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் வந்து நின்ற அழகு இது.

அடுத்த வீட்டு மார்த் நான் அடுப்பு மூட்டும்போதெல்லாம் தன் சாணிக் குழியைக் கிளறிவிடுகிறாள். அந்த நாற்றத்தில் சோம்பாவது புதினாவாவது, ஒரு மூக்கும் கண்டுபிடிக்காது. உன் மேலதிகாரி மூக்கு மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு விஷயம். சுரங்கத்தில் ஆள் குறைத்ததில் என் தம்பி யூலிஸுக்கும் வேலை போய்விட்டது. மாடி அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். செடி உலர்த்துவது, புட்டி கழுவுவது என்று கூடமாட ஒத்தாசையாக இருக்கிறான். பானையை மூடினால் அவனும் சோர்ந்துபோவான். யோசித்துப் பார்.

அன்பு முத்தங்களுடன்,
ஒடீல்


பியேன்,
நவம்பர் 20, 1961

அன்புள்ள ஒடீல்,

யோசித்துப் பார்த்தேன். குடிக்கிறவனைப் புட்டி கழுவ வைத்திருக்கிறாய். இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது யூலிஸ் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தேன். அப்படியும் தட்டில் பாதி கொட்டியது. நீ அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பனி பெய்கிறது என்றாய். பனி பெய்யவில்லை, ஒடீல்.

உன் நீலி சுத்தமானது என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும். நல்ல ஸ்பிரிட், நல்ல செடி, முதலில் சொட்டுவதைக் கீழே ஊற்றிவிடுகிற கை. பள்ளத்தாக்கிலேயே உன்னுடையதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவன் காலை ஆகாரத்துக்கு முன்னாலேயே அதைக் குடிக்கிறானே, அதற்கு யார் என்ன சொல்கிறார்கள்?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நூமா


கூவே,
டிசம்பர் 18, 1961

நூமா,

திட்டத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாள் திட்டி எழுதி அடுப்பில் போட்டேன்.

உன் கடிதம் வந்த கோபத்தில் புட்டி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். பார், நானும் கண்டிப்பானவள்தான் என்று உனக்குக் காட்ட நினைத்தேன். மறுநாள் யூலிஸுக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்கு மறுநாள் காலை ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவன், "அக்கா, மேசை மேல எலி ஏறுது, தள்ளு தள்ளு" என்றான். எலி எதுவும் இல்லை. அப்படியே நாற்காலியோடு விழுந்தான், வலிப்பு வெட்டிவெட்டி இழுத்தது. என் கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு மார்த்தைக் கூப்பிட்டேன்.

டாக்டர் போரெல் வந்து ஊசி போட்டார். அந்தச் செடிதான் மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே, அதுதானா என்று கேட்டேன். "செடி மேல பழி போடாதீங்க. அதுல இருக்குற எழுபது டிகிரி ஸ்பிரிட்டுதான். இந்த உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் இழுக்கும். ஆஸ்பத்திரியில வச்சு மெதுவாத்தான் இறக்கணும்" என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே, "இறக்கிடலாம், மேடம். இறக்கினப்புறம் எங்க அனுப்புறது? ஒரு சொட்டு கிடைக்காத ஊருக்கு அனுப்பணும். இங்க எனக்கே நீங்கதானே தர்றீங்க" என்றார்.

பானையை அன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அதோடு தீரவில்லை. காய்ச்சுகிற வீடு ஒவ்வொன்றாகப் போய், என் தம்பி வந்து கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். மரப்பட்டறைக்காரன் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ சொல்றியா இத? உன் வீட்டு வாசல்ல வரிசையில நின்னு வாங்கினவ நான். உன் தம்பிக்குன்னா மட்டும் விஷமா?" என்றாள்.

அவன் நெஷாத்தெல் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முடிந்தால் போய்ப் பார். கிறிஸ்துமஸுக்கு வா. நான் சொன்னேனே என்று மட்டும் ஆரம்பிக்காதே.

ஒடீல்


பியேன்,
ஜனவரி 28, 1962

அன்புள்ள ஒடீல்,

கிறிஸ்துமஸ் முழுக்க நான் சொன்னேனே என்று சொல்லாமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

நேற்று யூலிஸைப் பார்த்தேன். முகம் தெளிந்திருக்கிறது. முகச்சவரம் அவனே செய்துகொள்கிறான், வெட்டுக்காயம் இல்லை. தோட்டத்தில் நடந்தபோது சொன்னான்: "அக்காவத் திட்டாத, நூமா. அவ பூட்டினாலும் நான் வேற கதவத் தட்டியிருப்பேன். இங்க நல்லாத்தான் இருக்கேன். ஊருக்குத் திரும்பணும்னு நெனச்சாத்தான் தூக்கம் போயிடுது. ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தன பேர் 'வா, ஒண்ணு போடலாம்'னு கூப்பிடுவாங்க தெரியுமா? எல்லாரும் நல்லவங்க. அதான் பயம்."

வேறு ஊரில் இடம் பார்க்கலாம் என்றேன். இந்த வயதில் தெரியாத ஊரில் தனியாக இருந்தால் முதல் நாளே குடித்துவிடுவேன் என்கிறான். அதுவும் உண்மைதான். பிப்ரவரி கடைசியில் விடுவார்களாம்.

திராவேர் வேலைக்கு நேர்முகம் அதற்குக் கொஞ்சம் முன்னால். என் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று காதில் விழுந்தது. ஒரே ஒரு உபகாரம் செய். அந்தப் பானையை யாருக்கும் தெரியாமல் பழைய செம்புக்காரனிடம் போட்டுவிடு. சத்தமில்லாமல் முடியட்டும்.

உன்,
நூமா


கூவே,
பிப்ரவரி 16, 1962

அன்புள்ள நூமா,

சத்தமில்லாமல் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெர்னிலிருந்து ஆல்கஹால் அதிகாரிகள் ஒரு காரில் வந்தார்கள். நேராகச் சலவை அறைக்குப் போனார்கள். பானை, சுருள் குழாய், செடி மூட்டை, மீதமிருந்த புட்டிகள் எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். கோடாலியின் பின்பக்கத்தால் பானையை அடித்து நசுக்கினார்கள். அந்தச் சத்தம் சர்ச் வரைக்கும் கேட்டிருக்கும். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. கான்ஸ்டபிள் வோஷே தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யார் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அபராதம் வரும். அது கிடக்கட்டும்.

எந்தத் துரோகி சொன்னான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நான்தான் சொன்னேன். நெஷாத்தெலுக்கு யூலிஸைப் பார்க்கப் போனபோது, தபால் ஆபீஸ் போனிலிருந்து பெர்னுக்குக் கூப்பிட்டு, என் பெயரையும் வீட்டையும் நானே சொன்னேன். பேசுவது யார் என்று கேட்டதும் வைத்துவிட்டேன்.

பைத்தியம் என்று நினைக்காதே. நான் கெஞ்சியபோது ஒருத்தரும் கேட்கவில்லை. என் பானை நசுங்கிய அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் பானைகள் சாணத்துக்கு அடியில் போய்விட்டன. புட்டிகளை அரூஸ் ஆற்றில் கொட்டுகிறார்கள். மீனெல்லாம் மல்லாந்து கிடக்கும் என்று மார்த் சொல்கிறாள். இன்றைக்கு நீ தங்கக்காசு கொடுத்தாலும் கூவேயில் ஒரு சொட்டு கிடைக்காது. டாக்டர் கேட்ட ஊர் இதுதான், நூமா. என் தம்பி அடுத்த வாரம் சனிக்கிழமை இந்த ஊருக்குத் திரும்பி வருகிறான்.

உன் திராவேர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்ததும் உன் முகம்தான் வந்தது. ஒரு தடவை கீழே வைத்துவிட்டேன். பிறகு திரும்ப எடுத்தேன்.

கேட்டால் நீ வேண்டாம் என்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

ஒடீல்


கூவே,
மார்ச் 11, 1962

நூமா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இரு. இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

யூலிஸ் குடிக்கவில்லை. இரண்டு நாள் காகிதம் மாதிரி வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தான், பிறகு எழுந்து விறகு பிளந்தான். மரப்பட்டறையில் அரை நாள் வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் காப்பிதான் கிடைக்கிறது, ஊரே இப்படி ஆகிவிட்டதே என்று என்னிடமே சிரிக்கிறான்.

ஆனால் ஊர் இப்போது மார்த்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வீடு, பொறாமை, அவள்தான் சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரொட்டிக் கடையில் அவளை யாரும் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை அவள் சமையலறை ஜன்னலில் கல் விழுந்தது. எனக்காகச் சாணி கிளறியவள் அவள். "ஒடீல், நீயாச்சும் நம்புறியா நான் சொல்லலன்னு?" என்று கேட்டாள். நான் குனிந்து அவள் ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

உண்மையைச் சொன்னால், தங்களைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை என்று பயம் தெளிந்து பானைகள் மறுநாளே வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் மார்த் செத்துப்போவாள். வருகிற ஞாயிறு சர்ச் முடிந்ததும் சொல்லிவிடப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

ஒடீல்


கூவே ஸ்டேஷன் காத்திருப்பு அறை,
மார்ச் 17, 1962

அன்புள்ள ஒடீல்,

வீடு நடக்கிற தூரத்தில் இருக்க இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் வந்தால் கத்திவிடுவேன். அதனால் முதலில் இதை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடித்ததும் வருவேன்.

திராவேர் போய்விட்டது. மேலதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மனைவி விஷயம் கேள்விப்பட்டோம்" என்றார், அவ்வளவுதான். எத்தனை வருடம் அந்தக் கவுண்டரில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். இதை நான் இன்னும் பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பேன், தயாராக இரு.

நீ நாளைக்கு சர்ச்சில் எதுவும் சொல்ல வேண்டாம். இன்று மதியம் ரயிலை விட்டு இறங்கியதும் நேராகக் கடைவீதி கஃபேக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள், வோஷேயும்தான். "மார்த்த விடுங்க. அவ சொல்லல. பெர்னுக்குப் போன் பண்ணினது நான்" என்றேன். "சொந்தப் பொண்டாட்டியவா?" என்று கேட்டான் மரப்பட்டறைக்காரன். "ஆமா. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்காக. அதுவும் கிடைக்கல" என்றேன். உடனே நம்பிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பிறகு, "இன்னும் யார் யார் காய்ச்சுறாங்கன்னு பெர்ன்ல கேட்டிருக்காங்க. நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். கஃபேக்காரி என் முன்னால் இருந்த காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நம் லைனிலேயே நுவாரேக் லெவல் கிராசிங்கில் கேட் காவலர் இடம் காலியாக இருந்தது. யாரும் கேட்காத வேலை, கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் போகிறேன். தினமும் மாலை ரயிலில் வந்து, எல்லாரும் பார்க்க, ஊர் நடுவே நடந்து வீட்டுக்கு வருவேன். நான் இந்த ஊரில் நடமாடுகிறவரை ஒருத்தனுக்கும் பானையை வெளியே எடுக்கத் தைரியம் வராது. யூலிஸுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

அவனிடம் உண்மையைச் சொல்லாதே. அவனும் என்னை வெறுக்கட்டும். மார்த்திடமும் சொல்லாதே. அவள் ஜன்னலுக்கு நானே கண்ணாடி போட்டுத் தருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் நான் பேசாமல் இருந்தால் அது கோபம் என்று தெரிந்துகொள். ரொட்டியை என் பக்கம் தள்ளு, போதும். இந்த ஊரில் என்னோடு பேசப் போகிறவள் இனி நீ ஒருத்திதான்.

சூப்பைச் சூடாக வை.

நூமா